சராசரி காட்டாத நெரிசல்

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் ஒலுவிலில். பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். ஏனைய அரச பல்கலைக்கழகங்களைப் போல இப்பல்கலைக்கழகமும் 'லேர்ன்' என்ற இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்போடு இணைந்தது. 2020இல் கொரோனா வகுப்பறைகளை மூடியபோது, பல்கலைக்கழக விரிவுரைகள் லேர்னின் ஸூம் வழியாகத் தொடர்ந்தன. குரல் விட்டுவிட்டுக் கேட்டால், "லைன் ஸ்லோ" என்போம். பல வேளைகளில் நடப்பது வேறு: வழியில் ஏதோவொரு சுவிட்ச் பொதிகளைக் கைவிட்டிருக்கும்.

குரலோ படமோ, தரவு 1500 பைட் வரையான பொதிகளாகத்தான் பயணிக்கிறது. ஒரு கிகாபிட் போர்ட், முழு அளவுப் பொதியொன்றை அனுப்ப 12 மைக்ரோசெக்கன் எடுக்கும். இரண்டு போர்ட்டுகளில் வருபவை ஒரே போர்ட்டால் வெளியேற வேண்டுமானால், மிஞ்சியவை சுவிட்சின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். வரிசை நிரம்பினால் அடுத்து வரும் பொதிக்கு இடமில்லை. அது போய்விடும், ஓர் எண்ணி மட்டும் ஒன்று கூடும். கோப்பென்றால் தொலைந்த பொதி திரும்ப அனுப்பப்படும். நேரடிக் குரலில், பிந்தி வருவதால் பயனில்லை.

இந்த எண்ணியையும், போர்ட்டின் பாவனையைக் கணக்கிடும் எண்ணிகளையும் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையால் தூரத்திலிருந்தே வாசிக்கலாம். 1995இல் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்.ஆர்.டி.ஜி. மென்பொருள், ஐந்து நிமிடத்துக்கொரு முறை வாசித்து, இடைப்பட்ட நேரத்தின் சராசரிப் பாவனையை வரைபடமாகப் போடும். சிக்கலே அந்தச் சராசரியில்தான். வரிசைக்கு ஒரு மெகாபைட் இடமிருக்கிறது என்று வையுங்கள். இரண்டு கிகாபிட் போர்ட்டுகள் ஒன்றுக்குள் முழு வேகத்தில் கொட்டினால், 8 மில்லிசெக்கனில் அது நிரம்பிவிடும். ஐந்து நிமிடத்திலோ 3,00,000 மில்லிசெக்கன்! ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கல்முனைப் பள்ளிவாசல் கேற்றடியில் எவ்வளவு சனம்? முழுநாளுக்கும் சராசரி எடுத்தால் கேற்றடி வெறிச்சோடிக் கிடந்ததாகவே கணக்கு வரும்.

ஆகவே பாவனை வரைபடத்தோடு கைவிடல் எண்ணியையும் பாருங்கள். மொத்தத் தொகையல்ல, கூடும் வேகமே முக்கியம். பத்து மணிக்கு 4,800, பத்தேகாலுக்கு 5,300 என்றால், அந்த 500தான் செய்தி. பழுதாகி வரும் பொதிகளை எண்ணும் பிழை எண்ணி கூடினால் கேபிளையோ இணைப்பானையோ சோதியுங்கள். கைவிடல் எண்ணி கூடினால் வரிசை நிரம்புகிறது.

வரிசையை நீட்டிக்கொண்டே போவதும் தீர்வல்ல. கைவிடல் குறையும், காத்திருப்பு கூடும். குரலுக்கு முன்னுரிமை வரிசை கொடுக்கலாம். நெரியும் இணைப்பை அகலப்படுத்தலாம். பாடசாலையிலோ அலுவலகத்திலோ வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவர்கள், கூடிய வேகப் பக்கேஜுக்குக் காசு கட்டுமுன் இந்த எண்ணியைப் பார்த்துவிட வேண்டும். நெரிசல் கட்டடத்துக்குள்ளேயே இருந்தால், வெளி இணைப்புக்குக் கட்டும் காசு அதைத் தீர்க்காது.