வாந்தியோடு கைகளும் மரத்தால்...

வாந்தி வந்தால் பித்தம் என்கிறோம். கை மரத்துப் போனால் வாயு என்கிறோம். இரண்டும் சேர்ந்து வந்துவிட்டாலோ, நம் இல்லங்களில் இஞ்சிச் சாறும் ஓமத் தண்ணீரும் சோடாவும் அணிவகுத்து வந்து நிற்கும். பல நேரங்களில் இதனால் கேடொன்றும் விளைவதில்லை. ஆயினும், இவ்விரு அறிகுறிகளும் ஒருங்கே தோன்றுவதற்கான காரணங்களுள் சில, சோடா குடித்துக் காத்திருக்க அவகாசம் தராதவை.

அச்சம் குறைந்த காரணத்தை முதலில் பார்ப்போம். உணவு ஒவ்வாமல் அடுத்தடுத்து வாந்தியெடுப்பவர், பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குவார். இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். வயிற்றின் அமிலமும் வாந்தியோடு போய்விடும். இதனால் இரத்தத்தில் காரத்தன்மை கூட, நரம்புகளுக்குப் பயன்படும் கால்சியம் குறைகிறது. அப்போது இரு கைவிரல்களிலும் உதடுகளைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றும். சிலருக்கு விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்வதும் உண்டு. அமர்ந்து, மூச்சை மெல்ல மெல்ல விட்டால் இது தணியும். கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். அதுவும் தங்காமல், சிறுநீர் குறைந்து, கைகால் தளர்ந்தால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும் நிலை அது, மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மரத்திருப்பது இரு கைகளா, ஒரு கையா? இக்கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். திடீரென ஒரு பக்கக் கை மட்டும் மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பினால் வந்ததாயின், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். எனவே தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ ஊற்றித் திணிக்காதீர்கள்; விழுங்கும் ஆற்றல் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

மாரடைப்பும் இப்படி வரலாம். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் நெஞ்சைப் பிசையும் வலி இல்லாமலே, குமட்டல், குளிர்ந்த வியர்வை, கையிலோ தாடையிலோ முதுகிலோ ஒரு கனம் என்று மட்டும் அது தோன்றுவதுண்டு. ‘வாயுதான், படுத்தால் சரியாகிவிடும்’ என்ற ஒரு சொல் எத்தனையோ வீடுகளில் பொன்னான நேரத்தை விழுங்கிவிடுகிறது. கணவர் கடையிலிருந்து வரட்டும், மகன் வரட்டும் என்று பொறுத்திருக்கும் நம் தாய்மார்களின் பழக்கமும் அப்படித்தான். தமிழகத்தில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றி ஆம்புலன்ஸ் வரும்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு விரல் நுனியில் தொடங்கும் மரப்பு, சில பல நிமிடங்களில் மெதுவாக முகம் வரை ஏறி, பிறகு தலைவலியும் வாந்தியும் வரும். முதல் தடவை அப்படி வந்தால், ஒற்றைத் தலைவலி என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

நீரிழிவுக்காரர் நோன்பு நோற்றிருக்கையில் உடல் நடுங்கி, வியர்த்து, உதடு மரத்தால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பு நீர் அருந்தவேண்டும். நோன்பு முறிந்துவிடுமே என்று தயங்குவோர் நம்மில் உண்டு. நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது. மாறாக, வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமான மூச்சு, பழவாடை வீசும் சுவாசம் ஆகியவை சர்க்கரை மிகுந்து இரத்தம் அமிலமாகிவிட்டதன் அடையாளங்கள். இதற்கு மருத்துவமனையே புகலிடம்.

கடற்கரை ஊர்களில் வாழ்வோருக்கு இன்னொன்று. ஊதிப் பருக்கும் பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு, சமைத்தாலும் அழியாது. உண்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் விரல்களும் மரத்து, வாந்தி வந்து, பின் மூச்சுத் தசைகளே செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை; செயற்கைச் சுவாசம் அளித்துக் காப்பாற்றுவார்கள். ஆகவே மீன் உண்டபின் உதடு மரத்தால், வாந்தி நிற்கட்டும் என்று காத்திராமல் புறப்படுங்கள். என்ன மீன், எப்போது உண்டது என்பதையும், நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் மறவாமல் காட்டுங்கள்.