மாவளி சுற்றுவோம், வாருங்கள்!

அக்டோபர் 31-ஆம் தேதி இரவை அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் 'ஹாலோவீன்' என்று கொண்டாடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அயர்லாந்து மக்கள் ஒரு காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து அதற்குள் விளக்கு வைத்தார்கள். அவர்கள் அமெரிக்காவில் குடியேறிய பிறகு கிழங்கின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்துக்கொண்டது. குளிர்காலம் நெருங்கி இரவு நீளும் நாட்களில் பெரியவர்களும் சிறுவர்களும் ஒன்றுகூடித் தீயேற்றி மகிழ்வது பல நாடுகளில் உள்ள வழக்கம்.

நமக்கும் அப்படி ஓர் இரவு உண்டு. அதுதான் திருக்கார்த்திகை. அன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை மலையுச்சியில் பெரிய கொப்பரையில் தீபம் ஏற்றப்படுகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சியோ 814 மீட்டர். ஆகவே தீபம் தரையிலிருந்து சுமார் 640 மீட்டர் உயரத்தில் எரிகிறது. பூமி உருண்டையாக இருப்பதால், உயரத்தில் உள்ள ஒரு பொருள் எவ்வளவு தூரம் தெரியும் என்று கணக்கிடலாம். உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 90 கி.மீ.! பனியும் தூசியும் வழியில் உள்ள குன்றுகளும் இதைக் குறைத்துவிடும் என்பது உண்மையே.

எல்லோரும் மலையேறித்தான் விழாக் காணவேண்டும் என்பதில்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த பெருமழையில் இம்மலையில் மண் சரிந்து அடிவாரத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 13-இல் தீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. ஆனால் தெருவிலும் திடலிலும் நாமே நடத்தக்கூடிய விழா ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மாவளி. தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். முகம் மலர்ந்து சொல்வார்கள்.

மாவளி செய்யும் முறை

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு தருவது பெண் பனை. ஆண் பனை நீண்ட கதிர் போன்ற பூக்களை மட்டும் விடும். காய்ந்து விழுந்த இந்தப் பூக்களைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே சேகரித்துக்கொள்ளுங்கள். சிறு குழி ஒன்றில் அவற்றைப் போட்டுப் பெரியவர் ஒருவர் தீ வைக்கட்டும். நன்றாகப் பற்றியதும் மண்ணால் மூடிவிட வேண்டும். இதைத்தான் 'மூட்டம் போடுதல்' என்கிறோம்.

ஏன் மூடவேண்டும்? திறந்து வைத்தால் பூ முழுவதும் எரிந்து சாம்பலாகிவிடும். மூடினால் பிராணவாயு கிடைப்பதில்லை. வெப்பத்தால் ஈரமும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் புகையாக வெளியேறும். கரி மட்டும் மிஞ்சும். முழுதும் ஆறும் வரை குழியைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் காற்றுப் பட்டுக் கரி மீண்டும் கனன்று எரியத் தொடங்கும்.

மறுநாள் அந்தக் கரியை அம்மியில் பொடித்துச் சலியுங்கள். பழைய பருத்தித் துணியில் பொடியை இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டுங்கள். பனைமட்டைத் துண்டை மூன்றாகப் பிளந்து, நடுவில் இந்தச் சுருளை வைத்துக் கட்டி, கயிற்றில் பிணைத்தால் மாவளி தயார். சுருளின் நுனியில் ஒரு கங்கை வைத்து, அது பற்றிக்கொண்டதும் சுற்றினால் பொன்மாரி பொழியும்.

பொறி பறப்பது எப்படி?

ஒரு செ.மீ. பக்கமுள்ள கரிக்கட்டியின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மி.மீ. பக்கமுள்ள ஆயிரம் துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. ஆகிறது. இன்னும் நுணுக்கிப் பொடியாக்கினால் பரப்பு மேலும் பெருகும். கரி எரிவது அதன் மேற்பரப்பில்தான். எனவே துகள் சிறிதாக இருந்தால் அது நொடியில் கனன்று முடிந்துவிடும். சுற்றும்போது காற்று வேகமாக மோதுவதால் பிராணவாயுவும் நிறையக் கிடைக்கிறது. அடுப்பை ஊதினால் கங்கு சிவப்பதும் இதனால்தான்.

பொறிகள் எந்தத் திசையில் பறக்கின்றன? வட்டத்தின் மையத்திலிருந்து நேர் வெளியே பறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உற்றுக் கவனியுங்கள்! அவை வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் கிளம்புகின்றன. கயிற்றின் பிடி விட்டதும் பொருள், தான் அந்தக் கணத்தில் சென்ற திசையிலேயே செல்லும். நியூட்டனின் முதல் விதியைத் தெருவிலேயே கண்டுவிட்டீர்கள்.

கயிற்றுக்கு எத்தனை கிலோ பாரம்?

இனிச் சொல்லப்போவதுதான் மிக முக்கியமானது. மாவளி ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நொடிக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று 6.28 மீட்டர். எனவே அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ.! வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் மைய நோக்கு முடுக்கம் கிடைக்கும். அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 16 மடங்கு. 200 கிராம் எடையுள்ள மாவளி, சுற்றும்போது கயிற்றை 3 கிலோவுக்கும் அதிகமான பாரம் போல இழுக்கிறது.

கயிறு அறுந்தால், எரியும் மாவளி 15 மீட்டருக்கு மேலும் பறந்து விழக்கூடும். கீழே கூரை வீடோ வைக்கோற்போரோ இருந்தால் என்ன ஆகும்? ஆகவே இவற்றைத் தவறாமல் செய்யுங்கள்:

1. பற்றவைக்கும் முன் கயிற்றில் 6 கிலோ எடையைத் தொங்கவிட்டு முடிச்சைச் சோதியுங்கள். மாவளியை ஒட்டிய ஒரு சாண் நீளத்துக்குக் கயிற்றுக்குப் பதில் கட்டுக்கம்பி இருக்கட்டும்.

2. வைக்கோலும் கூரையும் இல்லாத திறந்த திடலைத் தேர்ந்தெடுங்கள். பார்ப்பவர்கள் வட்டத்தை நேருக்கு நேர் நோக்கித் தள்ளி நிற்கவேண்டும். மாவளி சுற்றும் தளத்தின் நேர்கோட்டில் எவரும் நிற்கலாகாது.

3. பருத்தி உடை அணியுங்கள். நைலான், பாலியெஸ்டர் உடைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

4. பற்றவைப்பதும் அணைப்பதும் பெரியவர்கள் பொறுப்பு. இரண்டு வாளி நீரும் ஒரு வாளி மணலும் அருகில் இருக்கட்டும்.

5. தீப்புண் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மையோ பற்பசையோ தடவாதீர்கள். காயம் பெரிதானால் 108-ஐ அழையுங்கள்.

எல்லோருக்கும் வேலை உண்டு

சிறு பிள்ளைகள் பத்து நொடியில் எத்தனை சுற்று என்று எண்ணட்டும். நீங்கள் அதிலிருந்து வேகத்தையும் கயிற்றின் பாரத்தையும் கணக்கிடுங்கள். மாவளி செய்யத் தெரிந்த பெரியவர்கள் கட்டும் முறையைச் சொல்லித் தரட்டும். களைத்தவர்களுக்குப் பொரியுருண்டை இருக்கவே இருக்கிறது!

பிறகு கிழக்கே வானத்தைப் பாருங்கள். முழுநிலவுக்குப் பக்கத்தில் கார்த்திகை விண்மீன் கூட்டம் இருக்கும். நிலவொளியில் அது மங்கலாகத் தெரிவதால், நாலைந்து நாள் கழித்து, நிலவு எழும் முன் மீண்டும் பாருங்கள். தாத்தாவுக்கு எத்தனை மீன்கள் தெரிகின்றன, தங்கைக்கு எத்தனை? பெரும்பாலோருக்கு ஆறு தெரியும். நீங்கள் காணும் அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 440 ஆண்டுகள் ஆகின்றன.

ஒன்றை மறவாதீர்கள். ஆண் பனை இல்லையேல் மாவளி இல்லை. பனங்கொட்டை முளைத்துப் பூவிடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும். அது ஆணா பெண்ணா என்பது பூத்த பிறகே தெரியும். உங்கள் ஊர் ஏரிக்கரையில் இந்த ஆண்டு பத்துக் கொட்டைகளை ஊன்றுங்கள். பெண்ணானால் நுங்கு, ஆணானால் மாவளி. எதுவானாலும் உங்கள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்!