உங்கள் பெயரில் யார் யார் பாலிசி போட்டிருக்கிறார்கள்?

2025 அக்டோபரில் திருவள்ளூர் மாவட்டம் பொதட்டூர்பேட்டையில் அரசுப் பள்ளி ஆய்வக உதவியாளர் ஒருவர் பாம்பு கடித்து இறந்தார். அவர் பெயரில் சுமார் 3 கோடி ரூபாய்க்குப் பாலிசிகள் இருந்தது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. டிசம்பரில் அவருடைய மகன்களே கைதானார்கள். பணத்துக்காகப் பாம்பை விட்டுக் கடிக்க வைத்தார்கள் என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு.

இப்படிப்பட்ட கொடூரம் அபூர்வம். தன் பெயரில் என்னென்ன பாலிசி இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதோ சர்வ சாதாரணம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். பி.எஃப். பிடிக்கும் கம்பெனி என்றால் இ.டி.எல்.ஐ. திட்டத்தில் அவருக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. அதற்கான தொகையை நிறுவனமே கட்டுவதால் சம்பளத்தில் பிடித்தம் தெரியாது. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் கழிந்தால் அது 2 லட்சத்துக்கான பிரதமர் ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் கழிந்தால் விபத்துக் காப்பீடு. பாஸ்புக்கைப் புரட்டினால் இரண்டும் அகப்படும்.

மகளிர் குழுக் கடனில்தான் கவனம் அதிகம் வேண்டும். கடன் தொகையிலேயே பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு, மனைவியோடு கணவர் பெயரையும் சேர்த்துப் பாலிசி போடுவது உண்டு. பாலிசிப் பணத்தில் கடனை அடைக்கலாம் என்ற விஷயம் தெரியாத குடும்பம், கணவர் இறந்த பிறகும் வாரத் தவணையைக் கட்டிக்கொண்டே இருக்கும்! காப்பீடு போன்றவற்றைக் கடன் வாங்குபவரின் முழுச் சம்மதத்தோடுதான் தர வேண்டும், அதற்கான கட்டணத்தை அவருக்குப் புரியும் மொழியில் லோன் கார்டில் எழுத வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. கார்டைக் காட்டிக் காப்பீட்டுச் சான்றிதழைக் கேளுங்கள்.

முன்பின் தெரியாதவர் உங்கள் பெயரில் பாலிசி எடுக்கலாமா? உங்கள் இறப்பால் பண நஷ்டம் அடையாத ஒருவர் எடுத்தால் அது சூதாட்டம், சட்டப்படி செல்லாது. ஆனால் ஆதார் ஜெராக்ஸ், வெற்றுத் தாளில் கையெழுத்து, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கண்ணா" என்ற ஒரு போன் – மோசடிக்கு இவ்வளவு போதும். யார் பெயரில் எந்தப் பாலிசி என்று பொதுமக்கள் ஒரே இடத்தில் தேட வழியில்லை. சந்தேகம் வரும் நிறுவனத்துக்குப் பெயர், பிறந்த தேதி, அடையாளச் சான்று நகலோடு எழுதிக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போலி என்றால் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

நிறுவனம் மழுப்பினால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 எண்ணை அழைக்கலாம். இழப்பீட்டை மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. பெங்களூரில் எடுத்த பாலிசி என்பதற்காக அங்கே அலைய வேண்டியதும் இல்லை. வசிக்கும் ஊரை வைத்துச் சென்னை அலுவலகத்திலேயே மனுக் கொடுக்கலாம்.