கப்பல் விருந்தில் மேசை விரிப்பு: அழகா, அறிவியலா?

மாணவர்களே, சிங்கப்பூரின் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்திலோ பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையிலோ நிற்கும் பெரிய கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தண்ணீரில் மிதப்பது போல இருக்கும். அதற்குள்ளே பல நூறு பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து சாப்பிடும் உணவுக்கூடம் உண்டு. அங்கே நெடுங்காலமாக மாறாமல் இருந்த ஒன்று, மேசைமேல் விரித்த வெள்ளைத் துணி.

அந்தத் துணி இப்போது மெல்ல மறைந்து வருகிறது. அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனம், தன் கப்பல்களின் முதன்மை உணவகங்களில் சாதாரண இரவுகளுக்கு விரிப்பை எடுத்துவிட்டுச் சிறப்பு இரவுகளில் மட்டும் விரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. வேறு சில நிறுவனங்களும் இதே வழியில் போகின்றன. பயணிகள் இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டார்கள். “விரிப்பே இல்லாமல் அது என்ன விருந்து?” என்பது ஓர் அணி. “சாப்பாடு நன்றாக இருந்தால் போதாதா? தண்ணீரும் மின்சாரமும் மிச்சமாகுமே!” என்பது இன்னோர் அணி.

இது வெறும் ரசனைச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் இரு தரப்பும் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பார்க்க முடியும். உராய்வு, ஒலி, சுவை, வெப்பம் என்று நீங்கள் படிக்கும் பாடங்கள் எல்லாம் அந்த ஒரு துணிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வாருங்கள், பிரித்துப் பார்ப்போம்.

தட்டைப் பிடித்து வைக்கும் துணி

முதலில் உராய்வு. கப்பல் பக்கவாட்டில் சாயும்போது மேசையும் சாய்கிறது. ஒரு குறிப்பிட்ட சாய்வைத் தாண்டியதும் தட்டு சறுக்கத் தொடங்கும். அது எந்தச் சாய்வு என்பதைத் தீர்மானிப்பது உராய்வுக் குணகம். இந்த எண் 0.2 என்று வைத்துக்கொண்டால், கிடையாக 1 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் உயர்ந்தாலே தட்டு நகர்ந்துவிடும். அது சுமார் 11 பாகைச் சாய்வு. குணகம் 0.5 ஆக உயர்ந்தால், 50 சென்டிமீட்டர் உயரும் வரை தட்டு தாக்குப்பிடிக்கும். அது சுமார் 27 பாகை.

இதில் ஒரு வியப்பு உண்டு. தட்டு நிறைய உணவு இருந்தாலும் காலியாக இருந்தாலும் சறுக்கும் சாய்வு ஏறக்குறைய ஒன்றுதான். எடை கூடும்போது கீழே இழுக்கும் விசை கூடுகிறது. உராய்வு விசையும் அதே அளவில் கூடுகிறது. இரண்டும் சமன்பட்டுவிடுவதால், தட்டின் எடையைவிடத் தட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

பழைய பயணக் கப்பல்களின் பணியாளர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் மேசை விரிப்பின்மேல் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுவார்கள். மேசையின் விளிம்பில் ஒரு சிறிய தடுப்புச் சட்டத்தையும் உயர்த்தி வைப்பார்கள். நனைந்த துணியில் தட்டும் கிண்ணமும் நகராமல் நிற்கும்.

“தண்ணீர் பட்டால் வழுக்கத்தானே செய்யும்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உணவங்காடியில் ஈரமான மேசையில் வைத்த கண்ணாடிக் குவளை தானாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான மேசையில் தண்ணீர் ஒரு மெல்லிய படலமாகத் தங்கி, குவளையும் மேசையும் ஒன்றையொன்று தொடவிடாமல் பிரிக்கிறது. பருத்தித் துணியில் நடப்பது வேறு. பருத்தி இழை தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. மேலே தனிப் படலம் தேங்குவதில்லை. இழைகள் ஊறி மென்மையாகித் தட்டின் அடிப்பகுதியோடு நன்றாகப் படிகின்றன. இடையில் இருக்கும் சிறிதளவு நீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து தட்டைப் பிடித்துக்கொள்கிறது. மிக அதிகமாகத் தண்ணீர் ஊற்றினால் இந்தப் பலன் போய்விடும். அதனால்தான் தெளிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உராய்வு இங்கே இரண்டு இடங்களில் தேவை. தட்டுக்கும் துணிக்கும் நடுவே ஒன்று, துணிக்கும் மேசைக்கும் நடுவே இன்னொன்று. துணி தட்டைப் பிடித்துக்கொண்டு, மேசை துணியைப் பிடிக்காமல் விட்டால், விரிப்போடு சேர்ந்து விருந்தே தரைக்குப் போய்விடும்! ஆகவே உயர்தர உணவகங்களில் வெள்ளைத் துணிக்கு அடியில் கம்பளம் போன்ற தடித்த அடிவிரிப்பு ஒன்றையும் போடுவார்கள். வெளியே தெரியாத அந்த அடிவிரிப்பை நினைவில் வையுங்கள். அது மறுபடியும் வரப்போகிறது.

துடுப்புகள் வந்தபின்

அப்படியானால் விரிப்பை எடுத்தால் ஆபத்தா? இன்றைய கப்பலில் பெரும்பாலும் இல்லை. ஆட்டத்தைக் குறைக்கும் வேலையை வேறொன்று எடுத்துக்கொண்டுவிட்டது. கப்பலின் அடிப்பகுதியில் இரு பக்கமும் மீனின் துடுப்பு போன்ற நிலைநிறுத்திகள் நீட்டிக்கொண்டிருக்கும். கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் உணரிகள் அதைக் கண்டுகொள்ளும். உடனே துடுப்புகளின் கோணம் மாறும். விமானத்தின் இறக்கையைக் காற்று தூக்குவது போல, ஓடும் நீர் துடுப்பைத் தள்ளிக் கப்பலை நிமிர்த்தும்.

1936-இல் முதல் பயணம் புறப்பட்ட ‘குவீன் மேரி’ புகழ்பெற்ற கப்பல். ஆனால் அட்லாண்டிக் பெருங்கடலில் அதிகமாக ஆடும் கப்பல் என்ற பெயரும் அதற்கு இருந்தது. 1958-இல்தான் அதற்கு நிலைநிறுத்திகள் பொருத்தப்பட்டன. அதன்பின் தட்டுகள் அமைதியாயின. ஆக, உராய்வு என்ற காரணம் ஒரு காலத்தில் மிக வலுவானது. இன்று அது பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

காதுக்கும் நாக்குக்கும் உள்ள உறவு

இரண்டாவது காரணம் ஒலி. உலோகத்தால் கட்டிய, கூரை தாழ்ந்த ஒரு கூடத்தில் பல நூறு பேர் கரண்டியும் தட்டுமாக அமர்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். வெறும் மேசையில் வைக்கும் ஒவ்வொரு தட்டும் ‘டக்’ என்று ஒலிக்கும். அந்தச் சத்தத்தை மீறி நாம் குரலை உயர்த்துவோம். பக்கத்து மேசைக்காரர் நம் குரலை மீறி அவர் குரலை உயர்த்துவார். சத்தத்தின் நடுவே நம்மை அறியாமலே குரல் உயர்வதற்கு ‘லொம்பார்ட் விளைவு’ என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் எட்டியன் லொம்பார்ட் 1911-இல் இதை விளக்கினார்.

மெல்லிய பருத்தித் துணி மட்டும் காற்றில் பரவும் ஒலியைப் பெரிதாக உறிஞ்சிவிடாது. ஆனால் அந்த அடிவிரிப்பு தட்டு மோதும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. சத்தம் பரவிய பிறகு அதை உறிஞ்சுவதைவிட, பிறக்கும் இடத்திலேயே தடுப்பது எளிது. இங்கே வேலை செய்வது, நாம் பார்த்து ரசிக்கும் வெள்ளைத் துணியைவிட அதற்குக் கீழே ஒளிந்திருக்கும் தடித்த துணிதான்.

சத்தம் குறைந்தால் உரையாடல் எளிதாகும். அதோடு முடிந்ததா? இல்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் யூனிலீவர் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. காதணிக் கருவியில் உரத்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர்களுக்கு உணவின் இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிந்தன. நாக்கு மாறவில்லை, உணவும் மாறவில்லை. மூளைக்குப் போன செய்திகள் மாறின.

கண்ணும் இதில் பங்கு கொள்கிறது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஸ்ட்ராபெரி இனிப்பை வெள்ளைத் தட்டிலும் கறுப்புத் தட்டிலும் வைத்துக் கொடுத்தார்கள். வெள்ளைத் தட்டில் சாப்பிட்டவர்கள் அது அதிக இனிப்பாக இருப்பதாகச் சொன்னார்கள். அப்படியானால் வெள்ளை விரிப்பும் உணவை இனிப்பாக்குமா? அவசரப்படாதீர்கள். அந்த ஆய்வு தட்டைப் பற்றியது, விரிப்பைப் பற்றியது அன்று. ஓர் ஆய்வு சொன்னதை அது சோதிக்காத பொருளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. சூழல் சுவையை மாற்றும் என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல, விரிப்பை வைத்தே சோதனை செய்ய வேண்டும்.

ஒரு விரிப்பின் மின்கணக்கு

இப்போது எதிரணியின் காரணத்துக்கு வருவோம். தண்ணீரும் மின்சாரமும் எவ்வளவு மிச்சமாகும்? ஊகித்து எண்களை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

ஒரு விரிப்பின் நீளம் 1.8 மீட்டர், அகலம் 1.8 மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம் என்றால் எடை ஏறத்தாழ 650 கிராம். கிலோவுக்கு 10 லிட்டர் வீதம் துவைக்க 6.5 லிட்டர் நீர் வேண்டும்.

கப்பலில் நன்னீரின் ஒரு பகுதி கடல்நீரிலிருந்தே தயாராகிறது. உயர் அழுத்தத்தில் கடல்நீரை ஒரு சவ்வின் வழியே தள்ளி உப்பைப் பிரிப்பது ஒரு முறை. சிங்கப்பூரின் துவாஸிலும் இதே முறையில்தான் கடல்நீர் குடிநீராகிறது. 1,000 லிட்டருக்கு 3.5 கிலோவாட் மணி மின்சாரம் என்று வைத்தால், 6.5 லிட்டருக்கு வெறும் 0.02 கிலோவாட் மணி.

துவைக்கும் நீரில் 3 லிட்டரை 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டும் என்று கொள்வோம். 3 × 4.2 × 40 என்று பெருக்கினால் 504 கிலோஜூல் வரும். அது 0.14 கிலோவாட் மணி.

பிழிந்தபின் துணியில் 320 கிராம் நீர் எஞ்சியிருக்கிறது என்போம். அதை ஆவியாக்க, கிலோவுக்கு 2,260 கிலோஜூல் வீதம், 0.2 கிலோவாட் மணி தேவை.

மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடல்நீரை நன்னீராக்குவதைவிடத் துணியை உலர்த்துவதற்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்! நம் வீட்டுத் துணியைச் சூரியன் இலவசமாக உலர்த்தித் தரும் உதவியின் அளவு இப்போது தெரிகிறதா?

மொத்தம் 0.36 கிலோவாட் மணி. ஓர் இரவில் 600 விரிப்புகள் என்றால் சுமார் 220 கிலோவாட் மணி. இது ஒரு வீட்டுக்குப் பெரிய அளவு. உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் கப்பலுக்கு? ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் ஆறு இயந்திரங்களும் முழு ஆற்றலில் ஓடினால் ஏறத்தாழ 97 மெகாவாட் கிடைக்கும். அந்த வேகத்தில் 220 கிலோவாட் மணியை அவை எட்டே விநாடிகளில் உண்டாக்கிவிடும். வீணாகும் வெப்பம், இஸ்திரி எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு என்று வைத்தாலும் அரை நிமிடம் ஆகாது.

ஆகவே, விரிப்பை எடுத்தால் மின்சாரம் மிச்சம் என்பது பொய் அன்று. ஆனால் கப்பலின் மொத்தச் செலவில் அது ஒரு துளி. கப்பல் தன் வேகத்தைச் சற்றே குறைத்தால் மிச்சமாகும் எரிபொருள் இதைவிடப் பன்மடங்கு இருக்கும்.

யாரும் பார்க்காத இடம்

அப்படியானால் சுற்றுச்சூழல் கவலையே தேவையில்லையா? தேவை, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. விரைவாக உலரும், சுருங்காது என்பதால் பல இடங்களில் பாலியெஸ்டர் கலந்த விரிப்புகள் வந்துவிட்டன. பாலியெஸ்டர் ஒருவகை நெகிழி. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் நீரில் கலக்கின்றன. கப்பலின் கழிவறை நீருக்கு மார்போல் எனும் அனைத்துலக உடன்படிக்கையின் 4-ஆம் இணைப்பு விதிகள் வகுத்திருக்கிறது. சலவை நீர் அந்த விதிகளுக்குள் வருவதில்லை. சில வட்டாரங்கள் மட்டும் தனியாகச் சட்டம் வைத்திருக்கின்றன. மின்சாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த நீரைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவோம்.

மனிதர்களையும் மறக்கக் கூடாது. கப்பலின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத சலவைக்கூடத்தின் சூட்டில் பணியாளர்கள் துணிகளைத் துவைத்து, உலர்த்தி, மடிக்கிறார்கள். விரிப்பு குறைந்தால் அவர்கள் பளு குறையலாம். வேலையும் குறையலாம். இந்தக் கேள்வி எந்தச் சமன்பாட்டிலும் அடங்காது. ஆனாலும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

சரி, மேசை விரிப்பு முக்கியமா? தட்டு சறுக்காமல் இருக்க, இன்று அவ்வளவாக இல்லை. கூடம் அமைதியாக இருக்க, ஆம், ஆனால் அடிவிரிப்பும் சேர்ந்தால்தான். மின்சாரத்தை மிச்சப்படுத்த, மிகச் சிறிதளவே. கடலைக் காக்க, அது எந்தத் துணி, அதன் சலவை நீர் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே கேள்விக்கு நான்கு விடைகள்! இனி யாராவது ஒன்றை ‘முக்கியம்’ என்றோ ‘சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்றோ சொன்னால், “எதற்கு? எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தட்டையான பலகை, நெகிழித் தட்டு, பருத்தித் துணி, அளவுகோல் போதும். பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். தட்டு நகரும் கணத்தில் நிறுத்தி, முனையின் உயரத்தைப் பலகையின் கிடைத்தூரத்தால் வகுங்கள். அதுவே உராய்வுக் குணகம். முதலில் வெறும் பலகை, அடுத்து உலர்ந்த துணி, பிறகு நீர் தெளித்த துணி, கடைசியில் சொட்டச் சொட்ட நனைந்த துணி. துணி நழுவாதபடி பலகையோடு கவ்விகளால் பிடித்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். பிறகு தட்டில் ஒரு பிடி அரிசியைப் போட்டு மீண்டும் அளந்து, எடையைப் பற்றி மேலே படித்தது சரிதானா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.