முதலிடம் வந்தும் கிண்ணம் கிடைக்காத அணி

எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன்தான் ஞாபகத்துக்கு வரும். சிலாவத்துறைப் பக்கம் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் மீனைப் பெட்டிகளில் அடுக்கி, நொறுக்கிய ஐஸை மேலே கொட்டி லொறியில் ஏற்றுவார்கள். போய்ச் சேருவதற்குள் பாதி தண்ணீராகிவிடும் என்பது வாப்பாவின் நிரந்தரக் கவலை. அப்படிப்பட்ட மறிச்சுக்கட்டியில் இருந்துகொண்டு, ஐஸின் மேல் விளையாடும் ஹொக்கியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரண தரம் வரை வலைப்பந்து விளையாடிய எங்களில் பலர், உயர்தர வகுப்புக்கு வந்ததும் நிறுத்திவிட்டோம். நானும் நிறுத்தினேன். "விளையாடி என்னத்தக் காணப் போறா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோதுதான், நம் நாட்டிலிருந்து போன தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரத்தில், பெண்கள் ஹொக்கி அணியொன்று தன் முதலாவது பருவத்தை விளையாடிய கதையை அறிந்தேன்.

பருவம் என்பது என்ன?

மறிச்சுக்கட்டிக்குப் பருவம் என்ற சொல் புதிதல்ல. ஒரு காலத்தில் இது முத்துக்குளிப்புக்குப் பெயர்போன கரை. சில வாரங்களுக்கு மட்டும் நடக்கும் முத்துக்குளிப்புக்காக அரபு நாட்டவர்களும் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் சுழியோடிகளும் வியாபாரிகளும் வந்து குவிய, வெறுங்கரையில் ஒரு நகரமே எழும்பும். 1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் சுமார் எட்டுக் கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு வருடமே லண்டன் கம்பனியொன்று இக்கடலை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. ஆனால் சில வருடங்களுக்குள்ளேயே சிப்பிகள் இல்லாமற்போய் அந்தக் கம்பனியும் கலைந்துபோனது. ஒரு பருவம் நன்றாக அமைந்தது என்பதற்காக அடுத்த பருவமும் அப்படியே அமையும் என்று யாரும் எழுதித்தர முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை இலகுவாக விளங்கும்.

விளையாட்டில் பருவம் என்பது, ஒரு லீக்கில் உள்ள அணிகள் பல மாதங்களாக ஒன்றோடொன்று மாறி மாறி மோதும் காலம். பாடசாலைகளுக்கிடையிலான சுற்றுப்போட்டியில் ஒருமுறை தோற்றால் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். லீக்கில் அப்படியில்லை. இன்று தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. மாதக்கணக்கில் சேரும் புள்ளிகளே அணியின் இடத்தைத் தீர்மானிக்கும்.

விளையாட்டின் அடிப்படை

ஐஸ் ஹொக்கியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். ஐவர் சறுக்கி ஓடி விளையாடுவார்கள், ஒருவர் கோல்காப்பாளர். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலத் தடிப்பும் கொண்ட கடினமான றப்பர் வட்டு. அதை 'பக்' என்பார்கள். துள்ளாமல் வழுக்கிச் செல்லவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதையும் குளிரூட்டி உறைய வைப்பார்கள். களம் 200 அடி நீளம், 85 அடி அகலம். இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். வேகம் மிக அதிகம் என்பதால் ஒருவர் முக்கால் நிமிடமளவு விளையாடிவிட்டு வெளியே வர, இன்னொருவர் உள்ளே போவார். தவறு செய்தவரை மத்தியஸ்தர் பொதுவாக இரண்டு நிமிடம் வெளியே உட்காரவைப்பார். அதுவரை அவரது அணி ஓராள் குறைவாக விளையாட வேண்டும்.

சம்பளத்துக்காக ஒரு காத்திருப்பு

கனடாவில் 2007 முதல் பெண்களுக்கென்று ஒரு லீக் இருந்தது. ஆனால் முதல் பத்து வருடங்கள் வீராங்கனைகளுக்குச் சம்பளமே இல்லை. பகலில் வேலை, இரவில் பயிற்சி. ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களுக்கும் இதே நிலைதான். 2019 இல் அந்த லீக்கும் பணமின்றி மூடப்பட்டது.

அப்போது இருநூறுக்கும் மேற்பட்ட வீராங்கனைகள் ஒன்றுசேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். வாழ்க்கை நடத்தக்கூடிய சம்பளமும் ஒழுங்கான வசதிகளும் தரும் லீக் உருவாகும்வரை வட அமெரிக்காவின் எந்த லீக்கிலும் விளையாடமாட்டோம் என்றார்கள். ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு இருபதுகளின் நான்கு வருடங்கள் எவ்வளவு பெறுமதியானவை என்று யோசித்துப் பாருங்கள். அதையே அவர்கள் பணயம் வைத்தார்கள். கண்காட்சி ஆட்டங்களை மட்டும் ஆடிக் காத்திருந்தார்கள்.

2023 இல் தொழில்முறைப் பெண்கள் ஹொக்கி லீக் உருவானது. முதல் ஆட்டம் நடப்பதற்கு முன்பே சம்பள ஒப்பந்தம் எழுதி முடிக்கப்பட்டது. முதலாவது பருவத்தில் ஆகக்குறைந்த சம்பளம் 35,000 அமெரிக்க டொலராக இருந்தது. ஒவ்வொரு அணியிலும் குறைந்தது ஆறு பேருக்கு 80,000 டொலருக்குக் குறையக்கூடாது. ஆண்கள் லீக்கின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். ஆனால் இரவுப் பயிற்சியை முடித்துவிட்டு விடிந்ததும் வேறு வேலைக்கு ஓட வேண்டிய தேவை நீங்கியது.

இருபத்து நான்கு ஆட்டங்கள்

2024 ஜனவரி முதலாந் திகதி லீக்கின் முதலாவது ஆட்டம் ரொறன்ரோவில் நடந்தது. பொஸ்டன், மினசோட்டா, மொன்றியல், நியூயோர்க், ஒட்டாவா, ரொறன்ரோ என ஆறு அணிகள். எல்லாமே அவசர அவசரமாக நடந்ததால் அணிகளுக்குத் தனிப்பெயர்கூட வைக்கப்படவில்லை. சட்டையில் ஊர்ப்பெயர் மட்டுமே இருந்தது. சொந்த மண்ணில், நிரம்பி வழிந்த அரங்கில், ரொறன்ரோ அணி நியூயோர்க்கிடம் 4-0 என்று தோற்றது.

அந்த முதல் மாதம் முழுக்கத் தடுமாற்றம்தான். பிறகு பயிற்றுவிப்பாளர் ட்ரோய் ரயனின் கையில் அணி ஒன்றுசேர்ந்தது. தொடர்ச்சியாகப் பதினொரு ஆட்டங்களை வென்றார்கள். பெப்ரவரி 16 இல் மொன்றியலை 3-0 என வென்ற ஆட்டத்தைப் பார்க்க 19,285 பேர் வந்திருந்தார்கள். ஏப்ரல் 20 இல் மொன்றியலில் நடந்த ஆட்டத்துக்கு 21,105 பேர். பெண்கள் ஹொக்கி ஆட்டமொன்றுக்கு அதற்கு முன் அத்தனை பேர் கூடியதில்லை. அதையும் ரொறன்ரோ மேலதிக நேரத்தில் வென்றது.

புள்ளிக் கணக்கு இப்படித்தான்: அறுபது நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. சமநிலையாகி அதன் பிறகு வென்றால் 2, அப்படித் தோற்றால் 1. ஒழுங்கான நேரத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. ரொறன்ரோ 13 ஆட்டங்களை நேரத்துக்குள்ளும் 4 ஆட்டங்களை அதன் பின்னரும் வென்றது, 7 இல் தோற்றது. 13 ஐ 3 ஆல் பெருக்கினால் 39, அதனுடன் 8 ஐக் கூட்டினால் 47. முதலிடம்! மொன்றியலுக்கு 41, பொஸ்டனுக்கும் மினசோட்டாவுக்கும் தலா 35, ஒட்டாவாவுக்கு 32, நியூயோர்க்குக்கு 26.

இந்த அணியின் நட்சத்திரம் நடாலி ஸ்பூனர். 24 ஆட்டங்களில் 20 கோல்கள். லீக்கிலேயே அதிகம். 2022 டிசம்பரில்தான் அவருக்கு மகன் பிறந்திருந்தான். பிள்ளை பெற்றால் விளையாட்டு முடிந்தது என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு போலும். அதற்கு அவர் வாயால் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

தேர்ந்தெடுக்கும் உரிமை

முதல் நான்கு அணிகளே அரையிறுதிக்குப் போகும். அங்கே இந்த லீக்கில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. முதலிடம் பெற்ற அணி, மூன்றாம், நான்காம் இடங்களில் உள்ள அணிகளில் யாருடன் மோதுவது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கலாம்.

மினசோட்டா கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்றுப் போயிருந்தது. தன் தலைவிதியைத் தானே தீர்மானிக்க முடியாத நிலை. பருவத்தின் கடைசி நாளில் ரொறன்ரோ ஒட்டாவாவை 5-2 என்று தோற்கடித்தது. ஒட்டாவா வெளியேற, மினசோட்டா தப்பிப் பிழைத்தது. அதாவது மினசோட்டாவுக்குக் கதவைத் திறந்துவிட்டதே ரொறன்ரோதான். அதோடு நிற்கவில்லை. எதிரணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோதும் அந்த மினசோட்டாவையே கைகாட்டியது.

அரையிறுதியில் ஐந்தில் மூன்று ஆட்டங்களை வெல்லவேண்டும். முதல் ஆட்டம் 4-0, இரண்டாவது 2-0. இரண்டிலும் ரொறன்ரோவுக்கே வெற்றி. இன்னும் ஒன்று வென்றால் போதும். மூன்றாவது ஆட்டத்தில் ஸ்பூனரின் முழங்காலில் பலத்த காயம். அவர் களத்துக்குத் திரும்பவில்லை. ரொறன்ரோ 2-0 என்று தோற்றது. நான்காவது ஆட்டம் இரண்டு மேலதிக நேரங்கள்வரை நீண்டு 1-0 என்று கைநழுவியது. ஐந்தாவது ஆட்டத்தில் 4-1 என்று மினசோட்டா வென்றது. ஐந்து ஆட்டங்களிலும் விழுந்த கோல்களைக் கூட்டிப் பாருங்கள்: ரொறன்ரோ ஏழு, மினசோட்டாவும் ஏழு! எத்தனை என்பதைவிட எப்போது என்பதே அங்கே கணக்காகியது.

இறுதிச் சுற்றில் மினசோட்டாவுக்கும் ஒரு சோதனை காத்திருந்தது. பொஸ்டனுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில், மேலதிக நேரத்தில் கோல் அடித்து, கிண்ணம் எங்களுக்கே என்று தலைக்கவசங்களைக் கழற்றி எறிந்து கொண்டாடினார்கள். மத்தியஸ்தர்கள் காணொளியைப் பார்த்து, கோல்காப்பாளர் இடைஞ்சல் செய்யப்பட்டார் என்று அந்தக் கோலை ரத்துச் செய்தார்கள். எறிந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டு மீண்டும் விளையாட வந்த சற்று நேரத்தில் பொஸ்டன் கோல் அடித்து வென்றது. அப்படியொரு ஏமாற்றத்துக்குப் பின்னும் மூன்று நாள் கழித்து, மே 29 இல், மினசோட்டா 3-0 என வென்று முதலாவது வோல்டர் கிண்ணத்தைத் தூக்கியது.

அடுத்த பருவத்தில் முதலிடம் பெற்ற மொன்றியலும் ஒட்டாவாவைத் தேர்ந்தெடுத்து அந்த ஒட்டாவாவிடமே தோற்றது. முதல் இரண்டு பருவங்களிலும் தேர்ந்தெடுத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இறுதிக்குப் போனார்கள். புள்ளிப்பட்டியல் நேற்றைய கதையைச் சொல்லும். நாளைய கதையை அது சொல்லாது.

இன்னொரு விதியும் எனக்குப் பிடித்திருந்தது. பல லீக்குகளில் கடைசி இடம் பெற்ற அணிக்கே மறு வருடம் நல்ல புது வீரரைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு அதிகம். அதனால் சில அணிகள் வேண்டுமென்றே தோற்கின்றன என்ற குற்றச்சாட்டு உண்டு. இந்த லீக்கில், வாய்ப்பு இல்லாமற்போன அணி அதன் பிறகு எத்தனை புள்ளிகள் சேர்க்கிறதோ அதை வைத்தே முதல் தெரிவு கிடைக்கும். இனி ஒன்றுமில்லை என்றான பின்னும் முயல்பவருக்கே பரிசு.

நமக்குக் கிட்டவும் ஒரு கதை

இது பணக்கார நாட்டுக் கதை, நமக்கு எட்டாது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் லடாக்கில் குளங்கள் உறையும் இரண்டு மூன்று மாதங்கள் மட்டுமே பெண்களுக்கு ஹொக்கிப் பருவம். அவர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டி 2016 இல் தாய்ப்பேயில் முதன்முதலாக ஆசியப் போட்டியில் கலந்துகொண்டார்கள். எல்லா ஆட்டங்களிலும் தோற்றார்கள். மறு வருடம் பாங்கொக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்று முதல் வெற்றியைக் கண்டார்கள். அந்த அணியின் கோல்காப்பாளராக விளையாடிய நூர் ஜஹான், பழைய துணிகளையும் ஓவியங்களையும் பேணிக் காக்கும் தொழிலையும் செய்தார். 2025 இல் ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் ஐன் நகரில் இந்திய அணிக்கு முதலாவது வெண்கலப் பதக்கம். அதே போட்டியில் பதக்கம் பெற்ற ஈரான் வீராங்கனைகள் தலைக்கவசத்துக்குள் ஹிஜாப் அணிந்தே விளையாடினார்கள். உடை அவர்களது வேகத்தைக் குறைக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த இரவு உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புள்ளிக் கணக்கு வந்தபோது கொட்டாவி விட்டவர், ஸ்பூனருக்குக் காயம் பட்ட இடத்தில் "யா அல்லாஹ்!" என்றார். முடிந்ததும் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்:

"தோத்த பொறகு அந்தப் புள்ளைகள் என்ன செஞ்சாங்க?"

"அடுத்த வருஷமும் விளையாடினாங்க உம்மா. ரெண்டாமிடம் வந்தாங்க. அரையிறுதியில திரும்பவும் மினசோட்டாகிட்டத்தான் தோத்தாங்க."

"பொறகு?"

"பொறகும் விளையாடுறாங்க."

உம்மா ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைக்கப் போனார். கதவடியில் நின்று, "அஸர் தொழுதிட்டுப் போனா மஃரிபுக்கு முந்தி வந்திரலாந்தானே, வலைப்பந்துக்கு?" என்றார்.

எனக்கான பதில் அதில் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை மைதானத்துக்கு வருகிறேன். நிறுத்திவிட்ட மற்றவர்களும் வாருங்கள். ஏழு பேர் சேர்ந்தால் ஓர் அணி.