ஓடி முடித்த நாய்கள்

மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய நாய் கிரேஹவுண்டு. மோப்பத்தைவிடப் பார்வையையே நம்பி இரையைத் துரத்தும் இனம் இது. 1919ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் எமரிவில் என்னும் ஊரில், ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் எந்திர முயல் ஒன்றை ஓடவிட்டு இந்நாய்களைத் துரத்தச் செய்யும் பந்தயக் களத்தைத் திறந்தார். பின்னர் இது பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் பணம் கட்டி ஆடும் பெருந்தொழிலாக வளர்ந்தது.

கிரேஹவுண்டு பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். ஆனால் அதன் பந்தய வாழ்வு நான்கைந்து வயதிலேயே முடிந்துவிடும். காயம் பட்டால் இன்னும் விரைவில் முடியும். பந்தயங்களில் நாய்கள் பெரும்பாலும் இடப்புறமாகவே வளைந்து ஓடுகின்றன. வளைவில் வெளிப்பக்கம் அமையும் வலப் பின்னங்கால் பெரும் விசையைத் தாங்குகிறது. அக்காலின் கணுக்கால் எலும்பு முறிவது இவ்விளையாட்டில் அடிக்கடி நேரும் விபத்தாகும்.

ஓட இயலாத நாய்கள் முன்பு ஏராளமாகக் கொல்லப்பட்டன. இதற்கு எதிர்ப்பு வலுத்ததால், அவற்றை வீடுகளில் தத்துக் கொடுக்கும் சங்கங்கள் தோன்றின. ஆனால் அன்பு மட்டும் போதுமா? இந்நாயின் உடலையும் அறிந்திருக்க வேண்டும்.

மற்ற நாய்களின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 45 விழுக்காடு இடத்தை நிரப்பும். கிரேஹவுண்டில் இது 50 முதல் 60 விழுக்காடுவரை இருக்கும். தசைகளுக்கு மிகுதியான ஆக்சிஜன் கொண்டு செல்வதற்கான அமைப்பு இது. ஆகவே 40 விழுக்காடு என்று சோதனை காட்டினால், மற்ற நாய்க்கு அது இயல்பு. கிரேஹவுண்டுக்கோ இரத்தசோகையாக இருக்கலாம். இதன் தைராய்டு சுரப்பு அளவு இயற்கையாகவே குறைவு. இதை அறியாத மருத்துவர், நலமான நாய்க்கு வாழ்நாள் முழுதும் மாத்திரை எழுதிவிடக்கூடும்.

மயக்க மருந்திலும் கவனம் தேவை. தயோபென்டோன் என்னும் மருந்து, மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் பரவுவதால் மயக்கம் தெளிகிறது. பின்னர் கல்லீரல் அதைச் சிதைக்கிறது. கிரேஹவுண்டின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. அதன் கல்லீரலும் இம்மருந்தை மெதுவாகவே சிதைக்கிறது. எனவே நாய் நெடுநேரம் விழிக்காமல் கிடக்கும். இதனால் மருத்துவர்கள் வேறு மருந்தையே தேர்ந்தெடுக்கின்றனர்.

கொழுப்பும் அடர்ந்த மயிரும் இல்லாததால் குளிரில் இதற்குப் போர்வை வேண்டும். கொட்டிலில் வளர்ந்த நாய்க்கு மாடிப்படியும் கண்ணாடிக் கதவும் புதியவை. பொறுமையாகப் பழக்க வேண்டும். பூனை ஓடினால் துரத்தும். ஆகவே வெளியே வார் இன்றி விடக்கூடாது. ஆனால் நாள் முழுதும் ஓடவிட வேண்டுமென அஞ்ச வேண்டாம். அரை நிமிடப் பந்தயத்துக்காக வளர்க்கப்பட்ட இந்நாய், வீட்டில் பெரும்பொழுதைத் தூங்கியே கழிக்கும்!

2018 ஜூலையில் மக்காவ் பந்தயக் களம் மூடப்பட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் அங்கே எஞ்சின. அவற்றுக்குப் பல நாடுகளில் வீடு தேட வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மக்கள் வாக்களித்து, 2020 முடிவோடு அங்கே பந்தயத்தை நிறுத்தினர். களத்தை மூடுவது ஒரு நாள் வேலை. நாய்களைக் காப்பதோ பல ஆண்டுப் பொறுப்பு. வேகத்துக்காக ஓர் உயிரை வளர்த்த மனிதன், வேகம் குறைந்தபின் அதைக் கைவிடலாமா? மாணவர்களே, நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.