அலுவலகக் கணினியும் நுழைவுரிமையும்

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்க்குப் பெரட்டுக்களம் புதிதன்று. விடியுமுன் தொழிலாளர் கூடுவர், பெயர் கூப்பிடப்பெறும், செக்ரோலில் பெயர் பதிந்தார்க்கே கூலி. கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவற்றின் பெரட்டுக்களங்களும் மறைந்தன. ஆயினும், அவற்றின் நெறி நம் பள்ளி அலுவலகக் கணினிக்குள் இன்றும் வாழ்கின்றது. "நீ யார்? உன் பெயர் இப்பட்டியில் உண்டா?" என்னும் இரண்டு வினாக்களையே கணினியும் கேட்கின்றது.

இவ்விரண்டும் வேறு வேறு வினாக்கள் என்பதை ஆசிரியப் பெருமக்கள் முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முதல் வினாவுக்கு மட்டுமே விடையாகும். பிரிக்பீல்ட்சில் உள்ள அடுக்குமாடிக் கட்டடமொன்றில் வாயிற்காவலர் நம்மை அடையாளங்கண்டு உள்ளே விட்டார் என்பதனாலேயே, எல்லா அறைகளின் சாவியும் நமக்கு உரியவை ஆகிவிடுமா? ஆகா. ஆளை அறிதல் ஒன்று. அவருக்குள்ள உரிமையை அறிதல் மற்றொன்று.

கணினிக்குக் கடவுச்சொல் வந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டில் பேராசிரியர் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பாரும் அவர்தம் குழுவினரும், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையை அமைத்தனர். அவரவர் கோப்பு அவரவர்க்கே உரியதாதல் வேண்டும் என்பதற்காகக் கடவுச்சொல் வைத்தனர். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டுப் பிறந்த மறு ஆண்டே கள்ளச்சாவியும் பிறந்தது எனலாம்.

இனி, இன்றைய நிலையைக் காண்போம். தனித்திருக்கும் கணினியில், பயனர் கணக்குகள் அக்கணினியிலேயே இருக்கும். வலையமைப்பில் இணைந்த அலுவலகத்திலோ, அவை நடுவண் கணினி ஒன்றில் தொகுக்கப்பெற்றிருக்கும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 'ஆக்டிவ் டைரக்டரி' என்னும் பெயரில் இம்முறையைக் கொணர்ந்தது. இதில் கருதற்பாலது ஒன்றுண்டு. ஒரு கணினியை இவ்வமைப்பில் சேர்த்தவுடன், அமைப்பிலுள்ள பயனர் அனைவரும் அக்கணினியின் பயனராகவும் ஆகிவிடுவர். நேற்று வந்த தற்காலிகக் கிராணியின் கணக்கும் தலைமையாசிரியர் அறைக் கணினியைத் திறக்கும். இது பிழையன்று, எந்த மேசையிலும் அமர்ந்து பணியாற்றட்டும் என்று வசதி கருதிச் செய்த ஏற்பாடு. வேண்டாதவிடத்து அதனை நாமே சுருக்கிக்கொள்ளல் வேண்டும்.

அதற்கு வழிகள் இரண்டு. ஆளை நோக்கிச் செய்வது ஒன்று: இன்னார் இன்ன கணினிகளில் மட்டுமே நுழையலாம் என அவர் கணக்கிலேயே குறித்துவிடலாம். கணினியை நோக்கிச் செய்வது மற்றொன்று: இக்கணினியில் நுழையத் தக்கார் இவர், தகாதார் இவர் என இரண்டு பட்டிகள் அமைக்கலாம். ஒருவர் பெயர் இரண்டிலும் இருப்பின், தடையே வெல்லும். ஆகவே, தடைப்பட்டியில் 'எல்லாரும்' என்று எழுதிவிடுதல் கூடாது. எழுதின், நிர்வாகியும் அந்த 'எல்லாரு'ள் அடங்கித் தாமே வெளியே நிற்க நேரிடும். தனித்தனிப் பெயர்களை எழுதுவதினும், ஒரு குழு அமைத்து அக்குழுவுக்கு உரிமை தருதல் நன்று. ஆசிரியர் மாற்றலாகிச் செல்லும்போது குழுவிலிருந்து அவரை நீக்கினாற் போதும். மேலும், கணினி முன் அமர்ந்து நுழைதல் வேறு. வலைவழியாக அதன் கோப்புகளை எட்டுதல் வேறு. முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்துவிடலாகாது. கோப்புறைகளுக்கும் தனியே உரிமை வகுத்தல் வேண்டும்.

இத்துணை முயற்சி எதற்கு என வினவலாம். யான் முன்னர்ப் பணியாற்றிய பள்ளியொன்றில் எல்லாரும் ஒரே கணக்கில் நுழைந்தோம்; கடவுச்சொல்லோ சிறு தாளில் எழுதித் திரையோரம் ஒட்டப்பெற்றிருந்தது. ஒருநாள் மாணவியொருத்தியின் குடும்ப வருவாய்க் குறிப்பு மாறியிருந்தது. உதவிப் பட்டியலிலிருந்து அவள் பெயர் விடுபட்டது. ஐயம் கிராணியம்மாள் மேல் விழுந்தது. பதிவேடோ அவர் கணக்கையே காட்டிற்று. அக்கணக்கில் அன்று நுழைந்தவர் எண்மர். தவறு செய்தவர் யார் என்பது இறுதிவரை தெரிந்திலது. தாம் செய்யவில்லை என்று மெய்ப்பிக்க வழியின்றி அவ்வம்மையார் கண்கலங்கி நின்றதை யான் மறந்திலேன். கடவுச்சொல்லைத் திரையில் ஒட்ட ஒப்புக்கொண்டவருள் யானும் ஒருவன்.

நுழைவுரிமையை வரையறுத்தல் ஐயத்தின் விளைவு என்று சிலர் வருந்துவர். உண்மை அதற்கு மாறானது. அது குற்றமற்றவரைக் காக்கும் வேலி. நம் பதிவேடுகளில் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காத பிள்ளைகளின் பெயர் உண்டு. தந்தை பிரிந்து சென்ற குடும்பங்களின் செய்தி உண்டு. அவை நம்மை நம்பி ஒப்படைக்கப்பெற்றவை. நாட்டின் சட்டமும் இதனை விளையாட்டாகக் கருதிற்றில்லை. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, கடவுச்சொல்லை உரிமையில்லாதார்க்கு அறிவித்தலையே குற்றமாக்கி, 25,000 ரிங்கிட் வரை தண்டமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் வகுத்தது.

ஆகவே, பருவத் தொடக்கத்தில் வகுப்புப் பெயர்ப்பட்டியைச் சரிபார்க்கும் அன்றே, கணினியின் பெயர்ப்பட்டியையும் சரிபார்ப்போமாக. மாற்றலாகிச் சென்றார் பெயரை நீக்குக. ஒருவர்க்கு ஒரு கணக்கு என்பதை விதியாக்குக. திரையோரத் தாளை முதலிற் கிழித்தெறிக.